கடைசிப் பக்கத்தை மட்டும் படித்தவர்கள்

ஜூன் 3, செவ்வாய்

இந்த நோட்டு உண்மையில் என் மனைவி சாந்தாமணியுடையது. ஜனவரியில் திருச்சி ஆஸ்பத்திரியில் முதல் கீமோ ஏற்றிய அன்று நர்ஸ் பெண் என் கையில் திணித்தது. "சார், அம்மாவுக்குக் காய்ச்சல், பசி, இருமல், எடை. நாலையும் தினமும் எழுதணும்" என்று ஸ்கேல் வைத்து நாலு கட்டம் போட்டுக் காட்டியது.

கட்டத்துக்குள் எழுதிவிடுகிறேன். கட்டத்துக்கு வெளியே தாள் வெள்ளையாகக் கிடந்தால் எனக்குக் கை அரிக்கும். கரூரில் பஸ் பாடி கட்டும் பட்டறையில் முப்பது வருடமாக ஸ்டோர் கீப்பர். ரிவிட் எத்தனை, பிளைவுட் எத்தனை, யாருக்கும் யாருக்கும் பேச்சு வார்த்தை இல்லை என்று மூன்றையும் ஒரே நோட்டில் எழுதிப் பழகியவன். ஊர் வம்பை உள்ளே வைத்துக்கொண்டால் எனக்கு வயிறு உப்பிவிடும்.

சாந்தாமணி: காய்ச்சல் இல்லை. பசி, இரண்டு இட்லி. இருமல் இல்லை. எடை 51.

எனக்கு மாசியிலிருந்து பட்டறைத் தூசி இருமல். இந்த வீட்டுக்கு காலிங் பெல்லே வேண்டாம். பாத்திரம் தேய்க்க வரும் பாவாயி, நான் தெருமுனையில் இருமும்போதே கதவைத் திறந்துவிடுகிறாள்.

நாளை மறுநாள் ஸ்கேன். ஆறு கீமோவும் கேன்சர் கட்டிகளை ஒழித்துவிட்டனவா என்று அதில் தெரியும்.

ஜூன் 5, வியாழன்

இந்த ஸ்கேனுக்குச் சர்க்கரையில் கதிர்வீச்சு மருந்தைக் கலந்து ஊசி போடுகிறார்கள். கேன்சர் இனிப்புப் பைத்தியமாம். எங்கே ஒளிந்திருந்தாலும் ஓடிவந்து தின்னும். தின்ற இடம் படத்தில் பல்பு மாதிரி எரியும். "என்னை அதுல படுக்க வெச்சா என்ன எரியும் சாந்தா?" என்று கேட்டேன். காலையிலிருந்து வெறும் தண்ணீரோடு சுருண்டு கிடந்தவள் கண்ணைத் திறக்காமலே, "வாய்தானுங்க" என்றாள்.

அறுபது கிலோ எடையிலும் அவள் வாய் மாறவில்லை, ஐம்பத்தொன்றிலும் மாறவில்லை.

காத்திருக்கும் ஹாலில் ஏசி ஜில்லென்று இருந்தது. எனக்கு இருமல் கிளம்பிவிட்டது. பக்கத்தில் இருந்த அம்மா எழுந்து நாலு நாற்காலி தள்ளிப்போய் உட்கார்ந்துகொண்டாள். நோயாளியோடு வந்தவனுக்கு இந்த நாட்டில் மரியாதையே கிடையாது.

ஜூன் 7, சனி

போய்விட்டது! போயே போய்விட்டது!

ரிப்போர்ட் ஏழு பக்கம். டாக்டர் அதைப் பின்னாலிருந்து திறந்தார். கல்யாணப் பத்திரிகையில் முகூர்த்த நேரம் மட்டும் தேடுகிற மாதிரி கடைசிப் பக்கத்தில் விரலை ஓட்டினார். "சுத்தமா இருக்குங்கம்மா. மூணு மாசம் கழிச்சு வாங்க." இரண்டே நிமிஷம். வெளியே வந்து வாட்ச்மேனைக் கட்டிப்பிடித்தேன். அவர் என் பிடிக்குள் நெளிந்துகொண்டே, "அய்யா, என் பஸ்ஸு போயிரும்" என்றார்.

என் மச்சினன் ஈஸ்வரமூர்த்தி அந்தக் கடைசிப் பக்கத்தை போட்டோ எடுத்து உறவுக்காரர்கள் குரூப்பில் போட்டான். நாற்பத்து மூன்று கும்பிடு வந்தது. மூன்று வருடமாக என்னோடு பேசாத பெரியப்பா மகன்கூட ஒரு மாலையைப் போட்டிருந்தான்.

ரிப்போர்ட்டை நாலு மூலையிலும் சந்தனம் தடவி, முருகன் படத்துக்கு முன்னால் வைத்தேன். சாந்தாமணி, "ஒருக்கா படிச்சுட்டுத் தரேனுங்க" என்று கை நீட்டினாள். டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட்டில் இருபது வருடம் சொல்லிக்கொடுத்தவள். கடலை மடித்த தாளைக்கூட முதலெழுத்திலிருந்து படித்துவிட்டுத்தான் கசக்குவாள். "சாமிகிட்ட வெச்சதை எடுக்கக் கூடாது. ஒரு மண்டலம், நாப்பத்தெட்டு நாள் அங்கயே இருக்கட்டும்" என்று நான் தடுத்துவிட்டேன். மண்டலம் என் சொந்த யோசனை.

ஓசூரில் இருக்கும் எங்கள் மகள் தேன்மொழி, ஜூலை ஆறாம் தேதி ஞாயிற்றுக்கிழமை குழந்தையோடு வருகிறாள். பேரன் இனியனுக்கு இப்போது ஐந்தாம் மாதம். தலைப்பிரசவம் தாய் வீட்டில் நடக்க வேண்டியது. இவளுக்குக் கீமோ, கிருமி அண்டக் கூடாது என்று மாமியார் வீட்டிலேயே நடந்தது. சித்திரையில் நான் மட்டும் போய் இரண்டு நாள் மடியைவிட்டு இறக்காமல் கொஞ்சிவிட்டு வந்தேன். சாந்தாமணி இன்னும் அவனைத் தொட்டதில்லை. போனில் பார்த்ததுதான்.

இன்று மதியமே அவள் பழைய நூல் சேலைகளைத் துவைத்துக் காயப்போட்டாள், தொட்டில் கட்ட. உத்தரத்தில் கொக்கி ஆடுகிறதா என்று என்னைத் தொங்கிப் பார்க்கச் சொன்னாள். தொங்கினேன். கொக்கி தாங்கியது. எனக்குத்தான் மூச்சு வாங்கியது.

ஜூன் 10, செவ்வாய்

சாந்தாமணி: சாயங்காலம் காய்ச்சல் 99.4. துணி துவைத்த அலுப்பு.

ஜூன் 14, சனி

இன்றும் 99.6. காலையில் இல்லை, சாயங்காலம் மட்டும் டியூட்டிக்கு வருகிறது. பசியும் குறைவு.

பட்டறையில் எல்லோரும் என்னை "ஹீரோ மாதிரி ஆயிட்டீங்களே" என்கிறார்கள். பெல்ட்டில் மூன்றாவது ஓட்டை நானே ஆணி அடித்துப் போட்டேன். பத்து வருடமாக நடந்து குறையாத தொப்பை, பெண்டாட்டியைக் கவனித்துக்கொண்டதில் கரைந்துவிட்டது. காலையில் பனியனைப் பிழிந்தால் அரைச் சொம்பு வேர்வை. புழுக்கம் அப்படி.

"நீங்க ஒருக்கா டாக்டர்கிட்ட காட்டுங்க. ஆறு வாரமா சொல்றேன்" என்கிறாள். ஒரு வீட்டுக்கு ஒரு நோயாளி போதும் என்றேன். என்னைப் பார்த்துக்கொள்ள எனக்கு நேரம் ஏது? இதைச் சொல்லும்போது எனக்கே என் மேல் கொஞ்சம் மதிப்பு வந்தது.

ஜூன் 18, புதன்

சாமிக் குத்தம் ஆகிவிட்டது. நான் பட்டறைக்குப் போன நேரத்தில் இவள் முருகனிடமிருந்து ரிப்போர்ட்டை எடுத்து ஏழு பக்கத்தையும் படித்துவிட்டாள். நான் செருப்பைக் கழற்றுவதற்குள் மூன்றாம் பக்கத்தை மூக்குக்கு நேராக நீட்டினாள்.

"இங்க பாருங்க. நெஞ்சுப் பகுதின்னு போட்டு நாலு வரி."

இங்கிலீஷை அவளே தமிழில் சொன்னாள். வலது நுரையீரலின் மேல்பாகத்தில் சின்னச் சின்ன முடிச்சுகள் எரிகின்றன. கேன்சர் மாதிரித் தெரியவில்லை. தொற்றாக இருக்கலாம். காசநோய் உண்டா என்று பரிசோதித்துப் பார்க்கவும்.

சர்க்கரை தின்னும் புத்தி கேன்சருக்கு மட்டும் இல்லையாம். கிருமி குடியிருக்கும் இடமும் தின்னுமாம். ஸ்கேன் பார்த்த மனுஷன் ஒழுங்காகத்தான் எழுதியிருக்கிறார். அந்த நாலு வரி கடைசிப் பக்கத்துக்கு வந்து சேரவில்லை. அவ்வளவுதான்.

பதினோரு நாள்! பதினோரு நாள் அது சந்தனப்பொட்டு வைத்துக்கொண்டு ஊதுபத்தி வாசத்தில் உட்கார்ந்திருக்கிறது. எனக்கு வந்த கோபத்தில் இருமல் வந்து, இருமலில் கோபம் மறந்து, மறுபடி ஞாபகம் வந்தது.

ஜூன் 19, வியாழன்

திருச்சி. நேராக டாக்டரின் மேஜையில் மூன்றாம் பக்கத்தை வைத்தேன். படித்தார். முகம் மாறவில்லை. "அது இன்சிடென்டல் ஃபைண்டிங் சார். கேன்சரத் தேடும்போது வேற ஏதோ கண்ணுல பட்டிருக்கு."

"பட்ட கண்ணு யாரோட கண்ணுங்க? உங்க கண்ணுல படலையே!"

"நாங்க ட்ரீட் பண்றது கேன்சர..."

"ஏனுங்க டாக்டர், திருடனத் தேடி ஒரு வீட்டுக்குள்ள போற போலீசு, கூரை எரியறதப் பார்த்துட்டு 'இது எங்க டிபார்ட்மென்ட் இல்ல'ன்னு கதவச் சாத்திட்டு வருமுங்களா? ஏழு பக்கம் இருக்குது. ஒரு பக்கம் படிச்சிருக்கீங்க. மீதி ஆறும் என்ன, பக்கோடா மடிக்கறதுக்கா?"

வரிசையில் இருந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள். சாந்தாமணி என் சட்டையைப் பிடித்து இழுத்தாள். டாக்டர் மூன்றாம் பக்கத்தை மறுபடி ஒருமுறை படித்துவிட்டு, "தப்புதான். பார்த்திருக்கணும்" என்றார். அதற்கு நான் தயாராக வரவில்லை. இன்னும் மூன்று உவமை கைவசம் வைத்திருந்தேன்.

நுரையீரல் டாக்டருக்குக் கடிதம் கொடுத்தார். மாடியில் அந்த டாக்டர், "கீமோ முடிஞ்ச பேஷண்ட். கேன்சர் டாக்டர் சம்மதம் எழுதித் தரணும்" என்றார். கீழே வந்தேன். எழுதி வாங்கி மேலே போனேன். லிஃப்ட் ரிப்பேர். மூன்று மாடி ஏறி, பேச்சே வராமல் இருமி, மேஜையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். நுரையீரல் டாக்டர் ரிப்போர்ட்டை விட்டுவிட்டு என்னையே பார்த்தார்.

"உங்களுக்கு எத்தனை நாளா இந்த இருமல்?"

"அது பட்டறைத் தூசிங்க. நீங்க பேஷண்டப் பாருங்க!"

எப்படிப் பேச்சை மாற்றுகிறார் பாருங்கள். இவர்களிடம் ஏமாற நான் என்ன நேற்றுப் பிறந்தவனா?

ஜூன் 24, செவ்வாய்

சாந்தாமணிக்கு இருமல் இல்லாததால் சளி வரவில்லை. மூக்கு வழியாகக் குழாய் விட்டு, நுரையீரலைக் கழுவி எடுத்த தண்ணீரைச் சோதனைக்கு அனுப்பியிருக்கிறார்கள். தொண்டை வலியில் பேச முடியாமல் சைகையில் கேட்டாள்: ஆறாம் தேதி? "வருவான் வருவான்" என்றேன். காய்ச்சல் 100.

ஜூன் 28, சனி

காசநோய். உறுதியாகிவிட்டது.

ஆறு மாதம் மாத்திரை. தேன்மொழியிடம் போனில் சொன்னேன். அந்தப் பக்கம் அழுகை. குழந்தை இப்போது வரவேண்டாம் என்று டாக்டர் சொல்லிவிட்டார். சாந்தாமணி அழவில்லை. தொட்டில் சேலைகளை எடுத்து, நாலாக மடித்து, எட்டாக மடித்து, இனி மடிக்க முடியாது என்ற அளவுக்கு மடித்து பீரோவின் அடித்தட்டில் வைத்தாள்.

ஈஸ்வரமூர்த்தி வந்தான். வாசலிலேயே நின்றான். "மச்சான், குரூப்ல போட வேண்டாமுங்க. யாராச்சும் கேட்டா சளின்னு சொல்லிக்கலாம்."

"ஏன் மாப்ளே? கேன்சருக்கு நாப்பத்து மூணு கும்பிடு வந்துச்சே. இதுக்கும் நாலு வராதா?"

"அது வேறங்க, இது வேறங்க" என்றான், கைக்குட்டையால் மூக்கைப் பொத்திக்கொண்டே. கேன்சர் வந்தபோது ஹார்லிக்ஸோடு வந்து கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தவன். கேன்சர் கௌரவமான நோய் போலிருக்கிறது. இதைச் சொந்தம் என்று யாரும் சொல்லிக்கொள்வதில்லை.

ஜூன் 29, ஞாயிறு

இதைக் கொண்டுவந்து கொடுத்தது யார்? ஆறு மாதமாக ஆஸ்பத்திரிக்குத் தவிர வாசலைத் தாண்டாதவள் அவள். வந்தவர்கள்தானே கொடுத்திருக்க வேண்டும்? உட்கார்ந்து யோசித்தேன். ஈஸ்வரமூர்த்திக்கு எப்போதும் மூக்கடைப்பு. திருச்சிக்குக் கூட்டிப்போன கார் டிரைவர் ஜன்னல் வழியாகத் துப்புகிறவன். கடைசியில், பாவாயி. போன வாரம் அடுப்படியில் தும்மியது என் காதில் விழுந்தது.

காலையில் அவள் வந்ததும், "நாளையிலிருந்து வர வேண்டாம்" என்றேன்.

"ஏனுங்க சார்? என்ன தப்புப் பண்ணேன்?"

"தப்பு ஒண்ணுமில்ல. நீ நாலு வீட்டுக்குப் போறவ. அம்மாவுக்கு ஆகாது."

ஒன்பது வருடம் இந்த வீட்டுக்கு வந்தவள். கீமோ முடிந்து சாந்தாமணி வாந்தி எடுத்த நாளெல்லாம் வாளியை ஏந்திக்கொண்டு நின்றவள். புடவைத் தலைப்பில் கையைத் துடைத்துக்கொண்டு போனாள்.

சாந்தாமணி என்னோடு பேசவில்லை. நல்லதுக்குச் செய்தால் வீட்டில் இதுதான் மரியாதை. பாத்திரங்களை நானே தேய்த்தேன். முன்னூறு தடவை இருமியிருப்பேன். சோப்பு நெடி.

ஜூலை 2, புதன்

அரசு ஆஸ்பத்திரி காசநோய்ப் பிரிவிலிருந்து ஜெபமணி என்ற பெண் வந்தது. ஒருத்தருக்கு வந்தால் வீட்டில் எல்லோரையும் விசாரிப்பார்களாம். "அம்மாவுக்குக் காய்ச்சல் எப்ப ஆரம்பிச்சதுங்க சார்? ஞாபகம் இருக்குதா?"

என்னைப் பார்த்து இந்தக் கேள்வியா! பெருமையாக நோட்டை எடுத்துக் கொடுத்தேன். "ஜனவரியிலிருந்து ஒரு நாள் விடாம எழுதியிருக்கேன். இப்படி எழுதி வெச்ச புருசன நீ பார்த்திருக்க மாட்டே."

அந்தப் பெண் முதல் பக்கத்திலிருந்து படித்தது. ஒவ்வொரு பக்கமாக, கட்டத்துக்கு வெளியே இருந்ததையும் சேர்த்து. சில இடத்தில் சிரித்தது. நானும் கூடச் சிரித்தேன். மார்ச் மாதத்துக்கு மேல் அது சிரிக்கவில்லை. பேனாவை எடுத்து ஓரத்தில் சின்னச் சின்னதாகக் கோடு போட்டுக்கொண்டே போனது.

"அய்யா, அம்மாவோட இருமல் கட்டத்துல எல்லா நாளும் 'இல்லை'ன்னு இருக்குதுங்க."

"ஆமாம்மா. அவளுக்கு இருமலே கிடையாது."

"வெளியதான் இருக்குது. மாசியிலிருந்து. பக்கத்துக்குப் பக்கம்." நோட்டை என் பக்கம் திருப்பிக் காட்டியது. "இருமல். வேர்வை. பெல்ட்டுல ஓட்டை. மூச்சு வாங்கறது. இது யாருங்கய்யா?"

நான் சாந்தாமணியைப் பார்த்தேன். அவள் முருகன் படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"டாக்டராவது கடைசிப் பக்கத்தப் படிச்சாருங்க" என்றாள்.

ஜெபமணி மெதுவாகக் கேட்டது: "வேற யாருகூட நெருக்கமா இருந்தீங்கய்யா? மார்ச்சு, ஏப்ரல்ல? சின்னக் குழந்தைங்க யாராவது?"

எனக்கு அந்த நேரத்தில் இருமல்கூட வரவில்லை.

ஜூலை 3, வியாழன்

டப்பாவில் சளி துப்பிக் கொடுத்தேன். எழுத ஒன்றும் இல்லை.

ஜூலை 5, சனி

மூன்று பிளஸ். கிருமி ஏராளம் என்று அர்த்தமாம். எடை 61. தீபாவளிக்கு 74 இருந்தேன்.

தேன்மொழிக்கு நானே போன் செய்தேன். யாரும் செய்ய வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். "உங்கப்பன்தான் கண்ணு" என்று ஆரம்பித்து, அதற்கு மேல் வாக்கியம் வரவில்லை. அவள் அங்கே குழந்தையை எடுத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினாள். மதியம் பதில் வந்தது: குழந்தைக்கு நோய் இல்லை, வராமல் தடுக்க மாத்திரை கொடுக்க வேண்டும். ஐந்து மாதக் குழந்தை, தாய்ப்பாலைத் தவிர எதுவும் அறியாத நாக்கு. அதில் மாத்திரையைக் கரைத்து ஊற்றுவார்கள். யார் புண்ணியத்தில்?

அந்தப் போலீஸ் உவமையை நினைத்துப் பார்த்தேன். கூரை என் தலைமேல்தான் எரிந்திருக்கிறது. அந்த நெருப்பில் குளிர்காய்ந்துகொண்டு நான் ஊரெல்லாம் தீயணைப்பு வண்டியைத் திட்டியிருக்கிறேன்.

முகக்கவசம் போட்டுக்கொண்டு பாவாயி வீட்டுக்குப் போனேன். வேலை முடிந்து வந்து வாசலில் முகம் கழுவிக்கொண்டிருந்தாள். அவளுக்கும் சோதனை செய்திருக்கிறார்கள், ஒன்றும் இல்லை. தெருவிலேயே நின்று, தப்பு என்னுடையது, வேலைக்கு வா என்றேன்.

வாய் கொப்பளித்துத் துப்பினாள். நிதானமாக முகத்தைத் துடைத்தாள்.

"நான் ஒருக்கா தும்முனதுக்கு வேலைய விட்டு நிறுத்துனீங்க. நீங்க இருமுன இருமலுக்கு உங்கள எங்கீங்க நிறுத்தறது?"

முகக்கவசத்தைக் கண் வரைக்கும் ஏற்றிவிட்டுக்கொண்டேன்.

"அம்மாவுக்காக வரேன்" என்றாள். "உங்க தட்ட நீங்களே கழுவிக்கோங்க."

ஜூலை 6, ஞாயிறு

எழுதுவது சாந்தாமணி. இனிமேல் நோட்டு என்னிடம்.

நாச்சிமுத்து, வயது 56. காய்ச்சல் 100.2. பசி, ஒன்றரை தோசை. இரண்டு என்று எழுதச் சொன்னார். இருமல், மதியத்துக்குள் முப்பத்தொன்று. நாலைந்து என்று எழுதச் சொன்னார். எடை 61.

நேற்று இந்த நோட்டை முதல் பக்கத்திலிருந்து படித்தேன். எனக்கு முடி கொட்டிய நாள், வாயெல்லாம் புண்ணாகிப் பேச முடியாத நாள், எல்லாம் கட்டத்துக்குள் எண்ணாக இருக்கிறது. அவர் இருமியது வெளியே கதையாக இருக்கிறது. ஆறு வாரம் சொன்னேன் என்று எழுதியிருக்கிறார். பதினொரு வாரம். உனக்காகத்தான் என்னைப் பார்த்துக்கொள்ளவில்லை என்று இனி ஒருமுறை சொல்லட்டும், தெரியும். எனக்காக என்றால் போய்க் காட்டியிருக்க வேண்டும்.

இன்று வருவதாக இருந்த நாள். பதினோரு மணிக்குத் தேன்மொழி போனில் காட்டினாள். இனியன் காலை வாயில் வைத்துக்கொண்டிருந்தான். இவர் வாசல் அறையில் தனியாக இருந்தபடி ஒரு இருமல் இருமினார். குழந்தை சட்டென்று தலையைத் திருப்பி, எங்கே எங்கே என்று தேடி, பொக்கை வாயைத் திறந்து சிரித்தான். சித்திரையில் இரண்டு நாள் கேட்டுப் பழகிய சத்தம் போலிருக்கிறது.

தேன்மொழி சிரித்துவிட்டாள். நான் சிரிக்கவில்லை. அந்த அறைக் கதவு சாத்திக்கொள்ளும் சத்தம் கேட்டது.

கொக்கி அப்படியே இருக்கட்டும் என்று பாவாயியிடம் சொன்னேன். ஒட்டடை மட்டும் அடித்தாள்.

மாத்திரை காலை எட்டரைக்கு, நான்கும். விழுங்கிவிட்டேன் என்றார். வாயைத் திறக்கச் சொல்லி, நாக்கைத் தூக்கச் சொல்லி, பார்த்த பிறகே இதை எழுதுகிறேன்.